பஞ்சுப் பெட்டியில் வந்த கதை

இந்தக் கட்டுரையில் ஒரு பெயரும் வராது. மறந்துபோய் அல்ல. எல்லாப் பெயரும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, எந்தக் கதையில் யார் என்னிடம் தோற்றார்கள் என்பது உட்பட. பெயர் சொல்லாமல் கதை சொல்வது எங்கள் ஹாலின் சட்டம். அந்த ஹாலை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் அதை மீற எனக்கு மனம் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் நான் துணி சுருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். எங்கள் ஹாலில் எட்டு மேசைகள், மேசைக்கு நான்கு பெண்கள். நாடாவாக வெட்டி வரும் சல்லாத்துணியைக் கையால் சுற்றுகிற சின்ன மிஷினில் கொடுத்துச் சுருட்டி, தாள் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கவேண்டும். வேலை கைக்குத்தான். வாய்க்கு ஒரு வேலையும் கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயை மூடிக்கொண்டிருக்க நாங்கள் என்ன கோவில் தூண் சிலையா?

என் மேசையில் எதிரே இருந்தவள் மகாராஜபுரத்தில் பிறந்து ராஜபாளையத்தில் வாக்கப்பட்டவள். அதனால் அவளை மகாராணி என்று கூப்பிடுவோம். அவளும் அதற்கேற்ற மாதிரிதான் நிமிர்ந்து உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வராமல் அவள் வீட்டில் உலை கொதிக்காது. அவளுக்குப் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. தினமும் காலையில் முக்காட்டோடு டவுன்பஸ்ஸில் வருவாள். அப்பாவை அத்தா என்பாள், அவர் தேரடிக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். எங்கள் மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோழபுரத்து அக்கா மட்டும் எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாணமாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை. இதை அவர் வாயால் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் வேறு எதற்குச் சொல்லவேண்டும்? அதிகம் பேசமாட்டார், கதை கேட்பார். அந்த ஹாலிலேயே நேர்த்தியாகச் சுருட்டுகிறவர் அவர்தான்.

நான் ராஜபாளையத்துக்காரி. புராணப் பிரசங்கம் எங்கே நடந்தாலும் என் அப்பா என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். ஆகவே உலகத்துக் கதையெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருபது வயதில் வேறென்ன நினைப்பது?

பெயர் சொல்லக் கூடாது என்ற சட்டம் வந்தது ஒரு சண்டையால். கோடி மேசையில் இரண்டு பேர், யாருடைய சாமி பெரியது என்று பேச ஆரம்பித்து, கையை நீட்டி, ஒரு தட்டு நிறையச் சுருட்டி வைத்திருந்ததைத் தரையில் கவிழ்த்துவிட்டார்கள். கீழே விழுந்த துணியைப் புண்ணுக்குக் கட்ட முடியுமா? அத்தனையும் வீண். சூப்பர்வைசர் பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கோபம் வந்தால் முதலில் தெலுங்கு, பிறகு தமிழ் என்று வரிசையாக வரும். "ஏமி இதி?" என்று தொடங்கி, "இனிமே இந்த ஹாலுக்குள்ள எந்தச் சாமி பேரும் வரக்கூடாது. ராசா பேரு, ராணி பேரு, ஒன்னும் வரக்கூடாது. வந்துச்சு, வீட்டுக்குப் போயிரலாம்" என்று முடித்தார்.

கதை சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே. மறுநாள் காலையில் மகாராணி ஆரம்பித்தாள். "ஒரு ஊருல ஒரு நல்லவரு. உலகமே தண்ணியில முங்கப் போகுதுன்னு அவருக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சு. ஒரு படகு கட்டுதாரு..."

"எங்க கதை!" என்று நான் மேசையைத் தட்டினேன்.

"எங்க கதை!" என்று வில்லிபுத்தூர்க்காரியும் தட்டினாள்.

அப்படித்தான் எங்கள் விளையாட்டு பிறந்தது. கதையைக் கண்டுபிடித்தவள் மேசையைத் தட்டி, மிச்சத்தைப் பெயரில்லாமல் சொல்லி முடிக்கவேண்டும். யாராவது தட்டிவிட்டால் கதையைத் தொடங்கியவள் தோற்றாள், ஒருவரும் தட்டாவிட்டால் ஜெயித்தாள். வாய் தவறிப் பெயர் வந்துவிட்டால் அன்றைக்கு அவளுடைய ஊறுகாய் எங்களுக்கு. வாரத்தில் அதிகம் தோற்றவள் சனிக்கிழமை எல்லாருக்கும் பால்கோவா தரவேண்டும். வாங்கி வருவது வில்லிபுத்தூர்க்காரியின் வேலை.

படகுக் கதையை இரண்டு நாள் பேசினோம். என் கதையில் கொம்பு முளைத்த பெரிய மீன் ஒன்று படகை இழுத்துப் போகும். அவர்கள் கதையில் பறவையைப் பறக்கவிட்டு, தண்ணீர் வடிந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். "எல்லா மிருகத்துலயும் ஒரு சோடி ஏத்துனாவளே, அதுகளுக்குத் தீனி யாரு போட்டா?" என்று கேட்டேன். மகாராணி யோசித்துவிட்டு, "அந்த வீட்டு மருமகளுக மூணு பேரு இருந்தாளுகள்ல" என்றாள். அதில் எங்கள் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இன்னொரு நாள் வில்லிபுத்தூர்க்காரி, அண்ணன்மார் சேர்ந்து அழகான தம்பியைக் கிணற்றில் தள்ளிய கதையைச் சொன்னாள். மகாராணி தட்டிவிட்டாள், அது அவளுக்கும் கதை. என்னால் தட்ட முடியவில்லை. ஆத்திரம் தாங்காமல், "எங்க கதையில பாத்தியா, ராச்சியமே கைக்கு வந்தும் தம்பி அதை வேண்டாம்னு சொல்லி, அண்ணன் செருப்பைத் தலையில தூக்கிட்டு வந்து சிம்மாசனத்துல வைக்கான். அண்ணன் தம்பின்னா அது!" என்றேன்.

"எங்க வீட்டுல ரெண்டும் நடக்கும்" என்றார் சோழபுரத்து அக்கா. அவர் வாய் திறப்பதே அபூர்வம் என்பதால் அன்றைக்கு எட்டு மேசையும் சிரித்தது.

தடுப்புக்குப் பின்னாலிருந்து சூப்பர்வைசர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் ஏதோ முக்கியமான கணக்குச் சொல்ல வருகிறவரைப் போல் வந்து நின்று, "காலேஜ்ல நான் படிச்ச கதை ஒன்னு இருக்கு. கடலுக்கு அங்கிட்டு இருக்கிற தேசத்துக் கதை" என்றார். ஒரு தாய் தன் மகனை மந்திர ஆற்றில் முக்கி எடுத்தாளாம். உடம்பில் எந்த ஆயுதமும் பாயாது. ஆனால் அவள் பிடித்திருந்த குதிங்கால் மட்டும் நனையவில்லை. நான் மேசையைத் தட்டினேன். எங்கள் கதையில் தாய் கண்ணால் பார்த்தே மகன் உடம்பை வைரமாக்கினாள், அவன் வெட்கப்பட்டு மறைத்த தொடை மட்டும் தப்பிவிட்டது. சூப்பர்வைசருக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். "அதே தேசத்துல ராசா பொண்டாட்டியை ஒருத்தன் தூக்கிட்டுப் போயிருதான், அம்புட்டுப் பேரும் கடலைத் தாண்டிப் போயி..." என்று அடுத்ததையும் ஆரம்பித்தார். எட்டு மேசையிலும் ஒரே நேரத்தில் தட்டினார்கள்.

"அது ஏன் சார், எவன் தூக்கிட்டுப் போனாலும் கடலுக்கு அங்கிட்டே கொண்டுபோறான்? பஸ் போற ஊருக்கு ஒருத்தனும் தூக்கிட்டுப் போக மாட்டானா?" என்று வில்லிபுத்தூர்க்காரி கேட்டாள். அதற்குப் பிறகு அவர் தடுப்புப் பலகையின் கதவைச் சாத்துவதே இல்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த மேசையில்தான் நான் ஒரு திங்கட்கிழமை என் நாக்கை அவிழ்த்துவிட்டேன்.

அன்றைக்கு என் முறை. ஒரு வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தேன், யாரும் தட்ட முடியாத கதையாகச் சொல்லவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்து வைத்திருந்தேன். "ஒரு ஆறு. அந்த ஆத்துல ஒரு பெட்டி மிதந்து வருது. பெட்டிக்குள்ள..."

"எங்க கதை!"

"எங்க கதை!"

இரண்டு பேரும் சேர்ந்து தட்டியதில் மிஷின் குலுங்கியது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இது என் கதை, காதில் குண்டலத்தோடு பிறந்த பிள்ளையின் கதை, இதில் இவர்களுக்கு என்ன? ஆனால் அவர்கள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, தங்களுக்குள் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். ஆண் பிள்ளைகளையெல்லாம் கொல்லச் சொன்ன கொடுங்கோல் ராசா, பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட தாய், அதுவரை இருவர் கதையும் ஒன்று. பெட்டியை எடுத்தது ராசா மகள் என்றாள் மகாராணி. ராசாவின் பெண்டாட்டி என்றாள் வில்லிபுத்தூர்க்காரி. "மகதான்!" "பொண்டாட்டிதான்!" என்று இருவரும் மாறி மாறி மேசையைத் தட்டினார்கள். நான் சொல்ல வந்த தேரோட்டி பெண்டாட்டிக்கு நடுவில் நிற்க இடமே இல்லை.

நான் எல்லாருக்கும் மேலே கத்தினேன். "ஏட்டி, எடுத்தவ எவளா இருந்தா என்ன? மகளோ, பொண்டாட்டியோ, தேரோட்டி வீட்டுக்காரியோ! அவளா கதை? பெத்தவ யாரு, அதுதான் கதை. எம்புட்டு வருசம் சோறு போட்டு வளத்தாலும் கடைசியில ரத்தம் பெத்தவ பக்கம்தானே போவும்!"

ஜெயித்துவிட்டேன். இருவரும் தட்டுவதை நிறுத்தினார்கள். மகாராணி என்னைப் பார்க்காமல் என் பக்கத்தில் பார்த்தாள். சோழபுரத்து அக்காவின் மிஷின் நின்றிருந்தது. பாதி சுருட்டிய துணியை அவர் மெதுவாக அவிழ்த்து, மறுபடியும் முதலிலிருந்து சுருட்டத் தொடங்கினார். அதில் ஒரு சுருக்கமும் இல்லாததை நான் பார்த்தேன், ஏன் அவிழ்க்கிறார் என்று மட்டும் புரியவில்லை. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மகாராணி என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னாள். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்க ஒரு வருஷமாக அலைந்துகொண்டிருக்கிறார்கள். மதுரைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லம், மகாராணியின் சர்ச் ஆட்கள் மூலம்தான் விசாரித்தது. நான்கு மாதப் பெண்குழந்தை. அக்கா போய்ப் பார்த்துத் தூக்கியும் விட்டார். முடிவைச் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி நாள். வீட்டுக்காரருக்குச் சம்மதம். மாமியார்தான், "எந்த வயித்துப் பிள்ளையோ, எம்புட்டு வளத்தாலும் அது நம்ம பிள்ளையாவுமா?" என்று நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"மாமியா சொல்லையில அக்கா அழலை. நீ சொன்ன பொறவு வாசல்ல நின்னு அழுதாவ" என்றாள் மகாராணி. "கதை தெரிஞ்சவ சொல்லுதா, சரியாத்தான் இருக்கும்னு சொன்னாவ."

இப்போதே சோழபுரம் போகிறேன், காலில் விழுகிறேன் என்றேன். மகாராணி தடுத்துவிட்டாள். "அங்க போயி மாமியா காதுபட என்னத்தைச் சொல்லுவே? இருக்கறதையும் கெடுத்துராத."

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என் கதையை நானே சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. நான் சொன்னது பொய். அதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை. என் கதையில் அந்தப் பிள்ளை வளர்ந்து பெரிய வீரனாகிறான். போருக்கு முந்தி பெற்றவள் தேடி வந்து, நீ என் மகன், என் பக்கம் வந்துவிடு, ராச்சியம் உனக்கு என்கிறாள். அவன் போகவில்லை. பாலூட்டி வளர்த்தவள்தான் எனக்குத் தாய், செத்தாலும் நான் தேரோட்டி மகன்தான் என்கிறான். எத்தனை பிரசங்கத்தில் கேட்டது! அந்த இடம் வரும்போதெல்லாம் கூட்டமே மூக்கைச் சிந்தும், நானும் சிந்தியிருக்கிறேன். ஒரு சண்டையில் ஜெயிக்கவேண்டும் என்று அந்த இடத்தையே தலைகீழாகத் திருப்பிவிட்டேன். என் கதை என்று மார்தட்டியவள் நான்தான், என் கதையை எனக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை அக்கா வந்தார். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. உட்காருவதற்கு முன்னால் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மகாராணியிடம் நீட்டி, "வேண்டாம்னு எழுதியிருக்கேன். அந்தக் கன்னியாஸ்திரிககிட்டச் சேத்துரு" என்றார்.

மகாராணி கையை நீட்டவில்லை. "சாப்பாட்டுக்குப் பொறவு வாங்கிக்கிடுதேன் அக்கா. கையில பசையா இருக்கு" என்றாள். அவள் கையில் பசை எதுவும் இல்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து சொன்னால் தைரியம் போய்விடும் என்று பயம். "அக்கா, திங்கக்கிழமை நான் சொன்னது தப்பு. அவன் போவலை. பெத்தவ வந்து கூப்பிட்டா, ராச்சியம் தாரேன்னு சொன்னா, அப்பவும் அவன் வளத்தவளை விட்டுப் போவலை. நான் ஜெயிக்கணும்னு பொய் சொல்லிட்டேன். கதையில அப்படி இல்லவே இல்லை" என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அக்கா என் தட்டைப் பார்த்தார். "உக்காந்து சாப்பிடு. ஆம்பளைப் பிள்ளைக கதை அப்படித்தான் இருக்கும். ராச்சியத்துக்கும் சண்டைக்கும் தேடி வருவாவ. இது பொம்பளைப் பிள்ளை. நாளைக்குக் கல்யாணம்னு ஒருத்தன் வந்தா, பெத்தவ யாருன்னுதான் முதல்ல கேப்பான். அப்ப அந்தப் பிள்ளை மூஞ்சியை நான் எப்படிப் பாக்க?"

அவர் பயம் மாமியார் அல்ல, நானும் அல்ல. அந்தப் பிள்ளையின் முகம். அப்போது வில்லிபுத்தூர்க்காரி சோற்றைப் பிசைந்தபடி, யாரிடமும் கேட்காமல், தன் கதையைத் தொடங்கினாள்.

"ஒரு ஊருல ஒருத்தரு பூந்தோட்டம் வச்சிருந்தாரு. பிள்ளை கிடையாது. தினமும் காலையில பூப்பறிச்சு, மாலை கட்டிக் கோவிலுக்குக் கொடுப்பாரு. அதுதான் அவரு வேலை. ஒரு நாள் காலையில தோட்டத்துல குனிஞ்சு பாக்காரு. துளசிச் செடிக்கு அடியில ஒரு பொம்பளைப் பிள்ளை கிடக்கு."

முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஹாலில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் மேசையைத் தட்டவில்லை. அதுவரை அப்படி நடந்ததே இல்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவர் அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சி வளர்த்தார். அது சாமிக்குக் கட்டிய மாலையைத் தன் கழுத்தில் போட்டுக் கண்ணாடி பார்த்தது. அவர் திட்டினார், புது மாலை கட்டினார். கடைசியில் சாமியே, எனக்கு அவள் போட்டுக் கழற்றிய மாலைதான் வேண்டும், அவள்தான் வேண்டும் என்று மாப்பிள்ளையாக வந்து நின்றுவிட்டது. முக்காடு போட்ட தலையை ஆட்டி ஆட்டி, கல்யாண வீட்டைக் கண்ணால் பார்த்தவள் போலச் சொன்னாள்.

அக்கா சோற்றில் கை வைத்தபடி இருந்தார். "அந்தப் பிள்ளையைப் பெத்தவ யாரு?" என்று கேட்டார்.

"அது கதையிலயே இல்லக்கா" என்றாள் வில்லிபுத்தூர்க்காரி. "பிறந்த நாள்லேர்ந்து அந்தத் தேரடியிலதான் கிடக்கேன். வருசா வருசம் அந்தப் பிள்ளைக்கு எம்புட்டுப் பெரிய தேரு, எம்புட்டுச் சனம்! வடம் பிடிக்கிறவனுக்கு எங்க அத்தா கடை வாசல்ல பானகம் கொடுப்பாரு. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்லை, பெத்தவ யாருன்னு. மாப்பிள்ளையும் கேக்கலை."

என் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்த கதை, நான் ஆண்டுதோறும் வடம் பிடித்துக் கும்பிட்ட கதை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆற்றுக் கதையிலேயே தேடிக்கொண்டிருந்த எனக்கு ஞாபகம் வரவில்லை. அதோடு இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கடல் தாண்டிக் கொண்டுபோகப்பட்டாளே எங்கள் பெரிய கதையின் ராணி, அவளும் ஒருவன் உழுதுகொண்டிருந்த மண்ணிலிருந்து கிடைத்தவள்தான். அவள் யார் மகள் என்று கேட்டால் ஊரே வளர்த்த அப்பன் பெயரைத்தான் சொல்லும்.

"இது எங்க ஊருக் கதை. நீங்க யாரும் தட்டலை. நான் ஜெயிச்சுட்டேன்" என்று சொல்லி வில்லிபுத்தூர்க்காரி பையிலிருந்து ஒரு பால்கோவாப் பொட்டலத்தை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். சனிக்கிழமை வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. மகாராணி அவளிடமும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள், இந்தக் கதையைச் சொல்வதென்று முடிவு செய்து காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறியிருக்கிறாள்.

மகாராணி கையைக் கழுவித் துடைத்துவிட்டு நீட்டினாள். "அக்கா, அந்த லெட்டரைத் தாங்க."

"எந்த லெட்டரு?" என்றார் அக்கா.

அவர் கடிதத்தை மேசையில் விரித்து, பால்கோவா முழுவதையும் அதன்மேல் கொட்டி, பங்கு போட்டு, எங்கள் மூவருக்கும் நீட்டினார். நெய் ஊறி ஊறி, கடைசித் துண்டை நான் எடுக்கும்போது ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. நான் அழுதுகொண்டே தின்றேன், சிரித்துக்கொண்டும் தின்றேன். அந்த ருசி அப்புறம் எந்தப் பால்கோவாவிலும் கிடைக்கவில்லை. பிறகு அக்கா சூப்பர்வைசரிடம் ஒரு நாள் லீவு கேட்கப் போனார். "மூணு நாளா எடுத்துக்கம்மா. பூந்தோட்டத்துக்குப் போறதுன்னா ஒரு நாள் எப்படிப் பத்தும்?" என்று அவர் சொன்னது எட்டு மேசைக்கும் கேட்டது.

பிள்ளை கைக்கு வர ஒரு மாதம் ஆனது. கறுப்பாக, கொழுகொழுவென்று, தலை நிறைய முடியோடு வந்தாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் வீட்டில் விட்டு வர முடியாது. அக்கா தூக்கிக்கொண்டு வேலைக்கே வந்துவிட்டார். சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துவிட்டு, "பிள்ளை வரக்கூடாதுன்னு நான் சட்டம் போடலையே" என்றார். பஞ்சு வந்து இறங்கும் அட்டைப்பெட்டிகளில் பெரியதாக ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் தாழ வெட்டி, அடியில் பஞ்சு நிரப்பி, கழித்துப்போட்ட சல்லாத்துணியை அதன்மேல் அடுக்கடுக்காக விரித்தோம். எங்கள் மேசைக்கு அடியில் அந்தப் பெட்டி. இந்தத் தாலுகாவிலேயே அப்படி மெத்தென்று படுத்த பிள்ளை இன்னொன்று இருக்காது. குனிந்து குனிந்து பார்த்ததில் அந்த மாதம் எங்கள் மேசையில்தான் வேலை குறைவு, அதை யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் சூப்பர்வைசர் குனிந்து கன்னத்தைத் தொட்டு, "பேரு என்னம்மா வச்சிருக்க?" என்று கேட்டார்.

"சார், ஹாலுக்குள்ள பேரு சொல்லக் கூடாது!" என்று எட்டு மேசையும் கத்தியது. பெட்டிக்குள் இருந்தவள் தூக்கிவாரிப்போட்டு விழித்து, தறிச் சத்தத்தையும் மிஞ்சி அழுதாள். அக்கா எங்கள் மூன்று பேர் காதிலும் தனித்தனியாகப் பெயரைச் சொன்னார். சூப்பர்வைசர் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்துதான் தெரிந்துகொண்டார்.

மாமியார் ஒரு நாள் சாப்பாடு கொடுக்கிற சாக்கில் வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தவள் அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து பிள்ளையை வீட்டை விட்டு வெளியே அனுப்பமாட்டேன் என்று மாமியார் சண்டை போட ஆரம்பித்தார். நாங்கள்தான் சோழபுரத்துக்குப் பஸ் ஏறி எங்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரவேண்டியதாயிற்று. எனக்கு அந்த ஆச்சிமேல் கொஞ்ச நாள் உண்மையாகவே கோபம் இருந்தது.

பிறகு எனக்கும் வில்லிபுத்தூர்க்காரிக்கும் கல்யாணம் ஆனது, ஹாலை விட்டோம். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், தேர் அன்றைக்கு, வில்லிபுத்தூர்க்காரியின் அத்தா வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் நான்கு பேரும் கூடினோம். கீழே வெயிலில் ஜனம் நெரிகிறது, தேர் இன்னும் தெரு முனைக்கு வரவில்லை. வில்லிபுத்தூர்க்காரி எங்களுக்கு நெய்ச்சோறு போட்டிருந்தாள். அக்காவின் மகளுக்கு அப்போது ஏழு வயது. முன்பல் இரண்டு இல்லை. அவள் எப்படி வந்தாள் என்பதை அக்கா அவளிடம் மறைத்ததே கிடையாது. பேச்சு வந்த நாளிலிருந்து தூங்கவைக்கும்போதெல்லாம் பெயரில்லாமல் அதைத்தான் சொல்லுவாராம்.

"நானும் ஒரு கதை சொல்லுதேன்" என்று அவள் எழுந்து நடுவில் நின்றாள். "ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள ஒரு பிள்ளை..."

"எங்க கதை!" என்று நான் தரையைத் தட்டினேன். மகாராணியும் தட்டினாள், வில்லிபுத்தூர்க்காரியும் தட்டினாள். எடுத்தது மகளா, பெண்டாட்டியா, தேரோட்டி வீட்டுக்காரியா என்று பழைய சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அக்கா மகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நாங்கள் ஓயும்வரை பொறுமையாக நின்றாள்.

"மூணு பேரும் தப்பு. பெட்டி ஆத்துல வரலை. மேசைக்கு அடியில இருந்துச்சு. உள்ள பஞ்சு இருந்துச்சு. இது என் கதை" என்றாள். "மூணு பேரும் எனக்குப் பால்கோவா தரணும்."

அக்கா கேட்டார். "சரி, பொறவு?"

"பொறவு ஒருத்தவிய வந்து தூக்குனாவ."

"யாரு தூக்குனது?"

"பேரு சொன்னா தோத்துருவேன்ல" என்று சொல்லிவிட்டு, அவள் நடந்து போய் அக்காவின் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.